கொடியில் ஏறிய முகம்

துறைமுகத்தில் கப்பல் வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கொடி இருந்தது. தூரத்தில் வரும் கப்பலின் பெயரையா படிக்க முடியும்? கொடிமரத்து உச்சியில் என்ன பறக்கிறது என்று பார்த்துத்தான், இது இன்னாருடைய கப்பல் என்று கரையில் சுமை இறக்க ஆள் திரட்டுவார்கள். ஒருவர் கொடியில் நங்கூரம். ஒருவர் கொடியில் மூன்று பிறை. இன்னொருவர் தன் பெயரின் முதல் எழுத்தைப் பூசணிக்காய் பருமனில் போட்டுவைத்திருந்தார்.

தராசு என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு கிடங்கு ஆள் வேலை பார்த்த கம்பெனியின் கொடி, வெள்ளைத் துணியின் நடுவே ஒரு நீலச் சதுரம். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. சங்கடம் என்னவென்றால், கப்பலுக்குக் கப்பல் பேசிக்கொள்ள வைத்திருக்கும் சைகைக் கொடிகளில் ஒன்றும் அதே வெள்ளையில் அதே நீலச் சதுரம். அதற்கு அர்த்தம், 'என் கப்பல் பின்பக்கமாக ஓடுகிறது' என்பது. கம்பெனிக் கப்பல் பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருக்கும். எதிரே வருகிறவன் கொடியைப் பார்த்துவிட்டு, இதற்கு எந்தப் பக்கம் மூக்கு, எந்தப் பக்கம் வால் என்று தலையைப் பிய்த்துக்கொள்வான்.

இதையெல்லாம் முதலாளி பல வருஷம் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் கப்பல் முதலாளிகள் சங்கத்து விருந்தில், மூன்று பிறைக்காரர் எல்லோர் காதிலும் விழும்படி, "உங்க கம்பெனி பின்னாடி போகுதுன்னு நாங்க யாரும் சொல்லல, நீங்களேதான் கொடி கட்டிச் சொல்றீங்க" என்றார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. முதலாளி சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார்.

மறுநாள் காலையிலேயே தலைமைக் குமாஸ்தாவைக் கூப்பிட்டார்.

"உலகத்துல வேற எவன்கிட்டயும் இல்லாத ஒண்ணு நம்ம கொடியில இருக்கணும்."

"உத்தரவு. என்ன போடலாம், முதலாளி?"

"என் மூஞ்சி."

குமாஸ்தா அந்த முகத்தை ஒரு கணம் பார்த்தார். உருண்டையாக, வழவழவென்று, மீசைகூட இல்லாமல், உரித்த முட்டைபோல் இருந்தது. "ரொம்பப் பொருத்தம்" என்றார். அவர் அப்படிச் சொல்லித்தான் அந்த நாற்காலி வரைக்கும் வந்தவர்.

கொடி தைப்பதற்கென்று துறைமுகத்தில் ஒரே ஒரு அம்மாள் இருந்தாள். கொடிக்காரம்மா என்றால் எல்லோருக்கும் தெரியும். உருவத்தைத் துணித்துண்டுகளாக வெட்டி ஒட்டுத் தையல் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அவள் முதலாளியை நேரில் பார்த்ததில்லை. ஒரு புகைப்படம் அனுப்பச் சொன்னாள். கம்பெனியில் இருந்தது ஒரே படம்தான். புதுக் கிடங்கு திறந்த அன்று எல்லோரையும் வரிசையாக நிறுத்தி எடுத்தது. அதில் முதலாளி முன்வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் பின்னால், எப்படியோ, தராசு நின்றிருந்தார்.

தராசு என்பது அவர் பெயரல்ல. கிடங்கின் பெரிய தராசுக்குப் பக்கத்திலேயே இளவயதிலிருந்து நின்று நின்று, அது அவர்மேல் ஒட்டிக்கொண்டது. அவருக்குக் காது இரண்டும் திறந்த ஜன்னல் கதவுபோல் வெளியே நிற்கும். மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து, போகட்டுமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருக்கும். இடது இமை பாதி இறங்கியே கிடக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாத முகம். ஆனால் அதை யாரும் சரியாகப் பார்த்ததில்லை. எடை போடும் இடத்தில் எல்லோருடைய கண்ணும் முள்ளின்மேல்தானே இருக்கும்.

படத்தில் எது முதலாளி என்று காட்ட, குமாஸ்தா மையால் ஓர் அம்பு போட்டார். முதலாளியின் தலையில் மை பட்டுவிட்டால் மரியாதையாகுமா என்ற பயத்தில், அம்பைக் கொஞ்சம் மேலே தள்ளிப் போட்டார். அதன் முனை போய்த் தராசின் மூக்கின் மேல் நின்றது.

கொடிக்காரம்மா தைத்து முடித்தாள். கம்பெனிக்கு எத்தனை கப்பல் உண்டோ அத்தனை கொடி. முதல் கொடி தயாரானதுமே, எல்லாத் துறைமுகங்களுக்கும் போகிற கொடி அட்டவணைக்கு அதை ஓவியமாக எழுதி அனுப்பியாகிவிட்டது. தூரத்துக் கப்பல்களுக்கும் கொடிக் கட்டுகள் போய்ச் சேர்ந்துவிட்டன. கடைசியாகச் சொந்தத் துறைமுகத்தில் கொடியேற்று விழா வைத்தார்கள். துறைமுக அதிகாரி வந்தார், வாத்தியக்காரர்கள் வந்தார்கள், கிடங்கு ஆட்களுக்கு அரைநாள் விடுப்பு. தராசும் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார்.

கொடி சுருண்டபடியே மேலே போனது. காற்றில்லை. எல்லோரும் அண்ணாந்து கழுத்து வலிக்கக் காத்திருந்தார்கள். பிறகு கடலிலிருந்து ஒரு வீச்சு வந்தது. மஞ்சள் துணியில் பழுப்பு முகம் விரிந்தது. சாய்ந்த மூக்கு, பாதி மூடிய கண், இரண்டு பெரிய காதுகள்.

தராசுக்கு முதலில் உறைக்கவில்லை. எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதே என்றுதான் நினைத்தார். பக்கத்தில் நின்ற மூட்டை தூக்குகிறவர் அவரையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீங்க எப்ப மேல போனீங்க?" என்று கேட்டபோதுதான் விளங்கியது.

மேடையில் முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. வாயைத் திறந்தார். அதற்குள் துறைமுக அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். அவருக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"பிரமாதம்! அச்சு அசலா நீங்களேதான்! அந்தக் கண்ணுல இருக்கிற கம்பீரம் இருக்கே!"

கூட்டம் கைதட்டியது. கைதட்டல் விழுந்த பிறகு, அது நானில்லை என்று எந்த மனுஷனால் சொல்ல முடியும்? முதலாளி தலையைக் குனிந்து, "ஏதோ உங்க அன்பு" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு விஷயம் முடிந்துபோனது.

மறுநாள் தராசுக்கு மாடியிலிருந்து அழைப்பு வந்தது. அத்தனை வருஷ வேலையில் அவர் அந்த மாடிப்படியை மிதித்ததில்லை.

முதலாளி அவரை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, முன்னாலும் பக்கவாட்டிலும் பார்த்தார்.

"ஏம்ப்பா, உன் மூஞ்சியை யார்கிட்டயாவது குடுத்தியா?"

"இல்லீங்க முதலாளி. எப்பவும் என்கிட்டயேதான் இருக்கு."

"வேற யாராச்சும் கேட்டாங்களா?"

"இதைப் போயி யாருங்க கேப்பாங்க?"

முதலாளிக்குக் கோபம் வரவேண்டிய இடம். ஆனால் வாசலில் குமாஸ்தா நின்றுகொண்டிருந்தார். 'நம் முகம்' என்று ஊரறிய ஒப்புக்கொண்டதை அவர் எதிரில் திட்ட வாய் வரவில்லை. கடைசியில் ஒரு கட்டளைதான் பிறந்தது. கிடங்கில் இருக்கும்போது தராசு முகத்தில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். கேட்டால் மூட்டைத் தூசி என்று சொல்ல வேண்டும். தராசு சரியென்று தலையாட்டிவிட்டு, கைப்பிடியைத் தவறவிட்டுவிடுவோமோ என்று பயந்து பயந்து படியிறங்கினார்.

வீட்டில் அவர் சொல்வதற்கு முன்பே விஷயம் போய்விட்டிருந்தது. அவர் மனைவி கப்பல் சலவைச்சாலையில் வேலை பார்த்தாள். மாலுமிகளின் உடுப்பு, அறை விரிப்பு, கொடி எல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். கப்பல் புகைக்குக் கொடி இரண்டே பயணத்தில் கறுத்துவிடும். ஆகவே வாரம் தவறாமல் புருஷன் முகம் ஒன்றிரண்டு அவள் தொட்டிக்கு வந்து சேர்ந்தது.

"கூட வேலை பாக்கிறவளுங்க என்னைப் பாடாப் படுத்துறாளுங்க. 'உன் வீட்டுக்காரரை இன்னும் நல்லா அடிச்சுத் துவைடி'ங்கிறா ஒருத்தி. 'காதுக்குக் கஞ்சி போடு, தொங்குது'ங்கிறா இன்னொருத்தி."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தைச் சொல்ல? நேத்து உங்க கன்னம் கிழிஞ்சு வந்துச்சு. ஒட்டுப்போட்டு அனுப்பினேன்."

தராசு தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நாளாக ஆக, ஒரு வேடிக்கை நடந்தது. கம்பெனிக்கு வியாபாரம் பெருகத் தொடங்கியது. பிறையும் நங்கூரமும் யாருக்கு நினைவிருக்கும்? பாதித் தூக்கத்தில் இருக்கும் அந்த முகம் எல்லோருக்கும் நினைவிருந்தது. தூரத்துத் துறைமுகங்களில் வியாபாரிகள், இந்த ஆள் யாரையும் அவசரப்படுத்த மாட்டான், ஏமாற்றத் தெரியாதவன் என்று கொடியைப் பார்த்தே முடிவு கட்டினார்கள். மாலுமிகள் அதற்கு முகராசி என்று பெயர் வைத்தார்கள். விடிந்ததும் மேல்தளத்துக்கு வந்து அந்த முகத்தில்தான் முழிப்பார்கள். புயலில் மாட்டிக்கொண்ட ஒரு கப்பல், கொடியின் கண் கலங்கவில்லை என்ற ஒரே தைரியத்தில் கரை சேர்ந்ததாக ஒரு பேச்சு.

தராசும் மாறித்தான் போனார். காலையில் கிடங்குக்குப் போகிற வழியில் அண்ணாந்து பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. நல்ல காற்றடித்து முகம் விரிந்திருந்தால் அன்று முழுக்க உற்சாகமாக இருப்பார். காற்றில்லாமல் கொடி தொங்கிக் கிடந்தால், அவருக்கும் மூஞ்சி தொங்கிப்போகும். "உடம்பு சரியில்லையா?" என்று மனைவி கேட்டால், "காத்து இல்ல" என்பார்.

இப்படியிருக்கையில், கடல் தாண்டிய ஊரிலிருந்து ஒரு தானிய வியாபாரி வந்து இறங்கினார். கம்பெனியின் மூட்டைகளில் பாதி அவருடையவை. முதலாளியே நேரில், கையில் பூச்செண்டும் குடையுமாக, கப்பலடியில் காத்திருந்தார். வியாபாரி இறங்கி அவரைத் தாண்டிப் போனார். முகத்தில் ஒன்றும் அடையாளம் தெரியாதவரை எதற்கு நின்று பார்க்க வேண்டும்?

அதே நேரம் பார்த்துக் கிடங்கில் தராசுக்குத் தும்மல் வந்தது. முகத்துத் துணியை அவிழ்த்து, மூன்று தும்மல் போட்டு நிமிர்ந்தார். எதிரே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வியாபாரி நின்றிருந்தார்.

"முதலாளி! நீங்களே நின்னு எடை போடுறீங்களா?"

தராசைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கட்டிப்பிடித்த வேகத்தில் இருவரும் தராசுத் தட்டில் ஏறிவிட, முள் ஒரு சுற்று சுற்றி வந்தது.

"இந்த எளிமையை நான் எங்கயும் பாத்ததில்ல. இனிமே என் சரக்கு முழுக்க உங்களுக்குத்தான். வேற யாருக்கும் ஒரு மூட்டை கிடையாது."

பின்னாலேயே மூச்சிரைக்க ஓடிவந்த முதலாளி வாயைத் திறந்தார். 'முழுக்க' என்ற சொல் காதில் விழுந்ததும் மூடிக்கொண்டார்.

"இவர் யாரு?" என்று வியாபாரி கேட்டார்.

முதலாளியே முந்திக்கொண்டு, "நான் இவரோட காரியதரிசிங்க" என்றார்.

"ரொம்ப நல்லது. அப்போ அந்தப் பூவை அவர்கிட்ட குடுங்க. குடையை எனக்குப் பிடிங்க, வெயில் தாங்கல."

அன்று மாலைவரை முதலாளி குடை பிடித்தார். சாப்பாட்டு மேஜையில் தராசு நடு நாற்காலியில் உட்கார்ந்து, எந்தக் கரண்டியை எடுப்பது என்று தெரியாமல் ஒன்றையும் எடுக்காமல் இருந்தார். வியாபாரி அதையும் எளிமையில் சேர்த்துக்கொண்டார். வெளியூர் ஆட்கள் வரும்போதெல்லாம் அதற்குப் பிறகு இதே ஏற்பாடுதான். வந்தவர் போனதும் முதலாளி தன் கோட்டைத் தராசிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வார். தராசு தோளில் இருந்த துணியை எடுத்து முகத்தில் கட்டிக்கொள்வார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் போவார்கள்.

ஒருநாள் முதலாளியால் தாங்க முடியவில்லை. "என் கப்பலை நானே போய்ப் பார்க்கிறேன். என் ஆளுங்களுக்குமா என்னைத் தெரியாது?" என்று கிளம்பிவிட்டார். நங்கூரக்காரர் கப்பலில் ஏறி, தன்னுடைய புதுக் கப்பல் நின்றிருந்த தூரத்துத் துறைமுகத்துக்குப் போனார். அந்தக் கப்பலின் மாலுமிகள் எல்லோரும் அங்கேயே சேர்ந்தவர்கள். ஏணியடியில் நின்ற காவலாளி கேட்டான்.

"யாரு நீங்க?"

"இந்தக் கப்பலே என்னுது."

காவலாளி கொடியை ஒருமுறை பார்த்தான். வந்தவரை ஒருமுறை பார்த்தான். அப்புறம் கப்டனைக் கூப்பிட்டான். கப்டன் வந்து, மரியாதையாகவே, "ஐயா, மூஞ்சின்னு ஒண்ணு இருக்கணும்ல?" என்றார். முதலாளி கூச்சல் போட்டார். கூச்சல் போட்டதால் பைத்தியம் என்று முடிவாகி, துறைமுக ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள்.

அவர் அங்கே கஞ்சி குடித்துக்கொண்டிருந்த சமயத்தில், இங்கே மூன்று பிறைக்காரர் காலமானார். வயதாகிவிட்டது, தூக்கத்திலேயே போய்விட்டார். ஒரு கப்பல் முதலாளி இறந்தால் மற்ற கம்பெனிகளும் மரியாதைக்குத் தங்கள் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்கவேண்டும் என்பது துறைமுகத்து வழக்கம். நங்கூரம் இறங்கியது, எழுத்து இறங்கியது. தராசின் முகமும் பாதியில் வந்து நின்றது.

நங்கூரம் இறங்கினால் நங்கூரமா செத்துப்போச்சு என்று யாரும் கேட்கப்போவதில்லை. மனுஷ முகம் இறங்கினால் கேட்பார்கள். பிற்பகலுக்குள் தராசின் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அவரே போய்க் கதவைத் திறந்தார். கறுப்பு உடுப்பில் சங்கத்துப் பிரமுகர்கள் இரண்டு பேர் மலர்வளையத்தோடு நின்றார்கள்.

"என்னங்க, யாரு போயிட்டாங்க?" என்றார் தராசு.

அவர்களில் மூத்தவர் தயங்கி, "நீங்கதான்" என்றார்.

"நான் இல்லீங்களே."

"கொடி இறங்கியிருக்கே?"

"அது மூணு பிறைக்காரருக்கு இறக்கினது."

பிரமுகர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வளையத்தைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. "எதுக்கும் வெச்சுட்டுப் போறோம்" என்று சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நாற்காலி போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கிப் போட வேண்டியதாயிற்று. தராசே எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். குடித்துவிட்டு, ஆளாளுக்கு இறந்துபோன மூன்று பிறைக்காரரைப் புகழ ஆரம்பித்தார்கள். எத்தனை கப்பல் வாங்கினார், எத்தனை பேருக்கு வேலை கொடுத்தார், விருந்தில் எவ்வளவு நாகரிகமாக நடந்துகொள்வார். தராசு சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். ஒன்றுகூட அவரைப் பற்றியது இல்லை. தான் செத்தால் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ள எவ்வளவு பேருக்கு வாய்க்கும்? வாய்த்தும் அவருக்குப் பிரயோஜனம் இல்லாமல் போனது.

கடைசியாகக் கொடிக்காரம்மா வந்தாள். கைத்தடியை ஊன்றி மெல்ல வந்தவள், தராசைக் கண்டதும் நின்றுவிட்டாள். கூடத்தில் நடந்த புகழ்ச்சி எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கிட்டே வந்து, அவர் முகத்தைத் துணி பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"இந்த இமை இருக்கே, மூணு தரம் பிரிச்சுத் தைச்சேன். கொஞ்சம் ஏத்தினா திருட்டு முழி வருது. கொஞ்சம் இறக்கினா குடிகாரன் மாதிரி ஆகுது. நடுவுல ஒரு இடம் இருக்கு. அங்க வெச்சப்புறம்தான், இந்த ஆளு நல்லவருன்னு எனக்குத் தெரிஞ்சுது."

அவள் விரலால் காற்றிலேயே அவர் காதோரம் ஒரு கோடு இழுத்தாள்.

"காது மட்டும் நான் சின்னதாப் போட்டுட்டேன். காத்துல கிழிஞ்சுடுமேன்னு. மன்னிச்சுக்கோங்க."

எல்லோரும் போனபின் மனைவி காலிக் கோப்பைகளை அடுக்கினாள். தராசு மலர்வளையத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தம்மா கண்டுபிடிச்சதைப் பாருங்க" என்றாள். "எனக்கு அது கல்யாணத்தன்னிக்கே தெரியும். சொல்லணும்னு தோணல, அவ்வளவுதான்."

"சொல்லியிருக்கலாம்."

"இப்பச் சொல்லிட்டேன்ல? போய் நாற்காலியைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

ஆஸ்பத்திரியிலிருந்து விடுபட்டு முதலாளி திரும்பி வந்தபோது பாதியாய் இளைத்திருந்தார். கம்பெனிக் கப்பலில் ஏற்ற மறுத்ததால், எழுத்துக்காரர் கப்பலில் ஆட்டுக்கூட்டத்தோடு மேல்தளத்தில் வந்திருந்தார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேராகக் கொடிக்காரம்மாவிடம் போய், அவள் முன்னால் முக்காலியில் உட்கார்ந்தார். படம் வேண்டாம், அம்பு வேண்டாம், குமாஸ்தா வேண்டாம்.

"நல்லாப் பாத்துக்கோங்க. நான்தான் முதலாளி. இந்த மூஞ்சிதான்."

கொடிக்காரம்மா பார்த்தாள். ஜன்னலைத் திறந்து பார்த்தாள், விளக்கேற்றிப் பார்த்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க மூஞ்சியில கண்ணு பிடிச்சு நிக்க ஒண்ணுமே இல்லீங்களே. தூரத்துல இருந்து பார்த்தா வெறும் உருண்டையாத்தான் தெரியும்."

"பரவால்ல. என் உருண்டையா இருந்தாப் போதும்."

அவள் மனசாட்சிக்கு விரோதமில்லாமல் தைத்தாள். சின்னக் கண்கள், சின்ன மூக்கு, நேர்கோடுபோல் வாய். கையில் வைத்துப் பார்த்தால் முதலாளியேதான். கொடிமரத்தில் ஏறியதும், மஞ்சள் துணியில் ஒரு பழுப்பு வட்டம். புது அட்டவணையிலும் 'மஞ்சளில் பழுப்பு வட்டம்' என்றே அச்சடித்தார்கள். மாலுமிகள் அதை அப்பளக் கொடி என்றார்கள். முதலாளிக்கு அதெல்லாம் கவலையில்லை. ஏணி வைத்து ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு, திருப்தியாக இறங்கினார். தராசுக்கு முகத்துத் துணியை அவிழ்க்க அனுமதி கிடைத்தது.

ஒரு மாசம் அமைதியாகப் போனது. பிறகு தானிய வியாபாரியிடமிருந்து தந்தி வந்தது. 'வட்டத்தோடு எனக்குப் பழக்கமில்லை. முதலாளி நலமா? அவர் நேரில் வரும்வரை சரக்கு ஏறாது.'

முதலாளி தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு தானே கிடங்குக்கு இறங்கி வந்தார். தராசு ஒரு மூட்டையைத் தட்டில் சரி செய்துகொண்டிருந்தார். முதலாளி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்ப்பா, ஒருதடவை போய்ட்டு வரணும்."

"நானா? நான் கப்பலுக்கு மூட்டை அனுப்பியிருக்கேனே ஒழிய, ஏறினதில்லீங்க."

"முதலாளி அறை உனக்குத்தான். எல்லா வசதியும் இருக்கும்."

"தனியாப் போகச் சொல்றீங்களா?"

"நானும் வர்றேன்." முதலாளி மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "காரியதரிசி இல்லாம எப்படிப் போவே?"

தராசு வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கம்பெனி வரலாற்றிலேயே அவர் முதலாளிக்குச் சொன்ன முதல் நிபந்தனை அதுதான். மனைவி ஒரே வரியில் முடித்தாள்.

"இத்தனை நாள் உங்களைத் துவைச்சு அனுப்பினேன். எங்க போய்ப் பறந்தீங்கன்னு நானும் பாக்க வேணாமா?"

சலவைச்சாலையில் லீவு சொல்லி, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் போகும் கப்பலில் மட்டும் தராசின் முகக் கொடியே பறக்கட்டும் என்று முதலாளியே சொல்லிவிட்டிருந்தார். ஏணியின் இருபுறமும் மாலுமிகள் வரிசையாக நின்றார்கள். தராசு கடன் வாங்கிய கோட்டில், கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு ஏறினார். அவர் மேல்தளத்தில் கால் வைத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் சலாம் வைத்தார்கள். வயதான மாலுமி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்னால் இரண்டு பெட்டியும் ஒரு குடையுமாக முதலாளி ஏறி வந்தார். காவலாளி அவரை நிறுத்தி, "சாமான் எல்லாம் அந்தப் பக்கம்" என்று வழி காட்டினான்.

கப்பல் கரையை விட்டு விலகியது. கப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தராசின் முன்னால் வந்து நின்றார்.

"முதலாளி, என்ன வேகத்துல போகலாம்? உங்க உத்தரவு."

தராசின் முகம் ஏற்கெனவே வெளுத்திருந்தது. தரை அவர் காலடியில் ஒருமுறை ஏறி ஒருமுறை இறங்கியது. பதில் சொல்ல வாயைத் திறந்தவர், கையால் பொத்திக்கொண்டார்.

மனைவி அவர் முதுகில் கைவைத்து, கோட்டு அழுக்காகாமல் ஓரமாகத் திருப்பினாள்.

"மெதுவாப் போங்க" என்றாள் கப்டனிடம். "அப்படியே எங்க காரியதரிசிகிட்ட சொல்லி ஒரு வாளி கொண்டுவரச் சொல்லுங்க."